காய்ந்துபோன 1,400 கிலோ யார் கணக்கில்?

40 கிலோ நெல் சிப்பம் ஒன்று, அதாவது கொள்முதல் நிலையத்தில் சாக்கில் கட்டும் மூட்டை. ஈரப்பதம் 17 சதவீதம் என்றால் அதற்குள் 6.8 கிலோ தண்ணீர் இருக்கிறது, மீதி 33.2 கிலோதான் உலர்ந்த நெல். அதே சிப்பம் பங்குனி வெயிலில் திறந்தவெளிக் கிடங்கில் கிடந்து 14 சதவீதத்துக்கு இறங்கினால் எடை 38.6 கிலோ ஆகிவிடும். யாரும் திருடவில்லை, எலி தின்னவில்லை, சாக்கும் கிழியவில்லை. ஆனாலும் 1.4 கிலோவைக் காணோம். ஆயிரம் சிப்பத்துக்கு 1,400 கிலோ. 2025-26 பருவத்தில் பொது ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். அந்த விலைக்குப் போட்டால் 35,000 ரூபாய்.

மென்பொருளைப் பற்றிய கட்டுரை நெல் கணக்கில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. காவிரி டெல்டாவில் விவசாயிகளிடமிருந்து அரசு நெல் வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்குப் புதிதாக ஒரு கணினி முறை அமைக்கச் சொல்லி ஒரு குழுவை நியமிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைமை அலுவலகத்தில் இரண்டு கூட்டம் போட்டு, தேவைகளை எழுதி வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார்கள். அதில் ஒரு விதி: நிலையத்திலிருந்து அனுப்பிய எடையும் கிடங்குக்கு வந்த எடையும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் திரையில் சிவப்பு. படிக்கிற யாருக்கும் இது நியாயமாகத்தான் படும். ஆனால் நெல் காயும் என்பது அந்த விதிக்குத் தெரியாது. நிலையத்தில் நெல்லை வாங்கிக் கணக்கு எழுதும், குற்றமே செய்யாத பட்டியல் எழுத்தரைத் தினம் ஒருமுறை அது திருடனாக்கும். அவர் என்ன செய்வார்? பின்னால் குறையப்போவதை முன்னாலேயே ஈடுகட்ட, எடை போடும்போது சிப்பத்துக்கு ஒரு கிலோ கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வார்.

சிப்பத்துக்கு ஒன்று, இரண்டு கிலோ அதிகமாக எடுக்கிறார்கள் என்பது டெல்டா விவசாயிகளின் பழைய புகார். நெல் காய்வதால் குறைகிற எடையை எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்பது ஊழியர்களின் அதே அளவு பழைய புகார். ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் மற்றதைத் தீர்க்க முடியாது. கூடுதல் எடையைத் தடுக்க மின்னணுத் தராசைக் கணினியோடு இணைத்துவிடலாம், தொழில்நுட்பத்துக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் கிடங்குக் குறைவை யார் தாங்குவது என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டுத் தராசை மட்டும் பூட்டினால், அந்த ஒரு கிலோ வேறு வழியில் வரும். ஈரப்பதமானி காட்டும் எண் ஏறும், 'தூசு அதிகம், திரும்பத் தூற்று' என்பார்கள், அல்லது 'சாக்கு இல்லை, நாளைக்கு வா'.

ஒரு அமைப்புக்குக் கணினி முறை எழுதும் முன் அதன் சூழலைப் படிக்க வேண்டும் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது. அமைப்பின் நோக்கம், துறைகள், அதிகாரப் படிநிலை, சட்டம், சந்தை என்று அட்டவணை போடச் சொல்லும். போடலாம், தப்பில்லை. என்னைக் கேட்டால் முதலில் தேட வேண்டியது ஒன்றைத்தான்: இந்த வேலையில் ஏதாவது தவறினால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது? ஊழியர்கள் விதியை எங்கே வளைக்கிறார்கள், எதை இரண்டாவது நோட்டில் எழுதிவைக்கிறார்கள், படிவத்தில் எந்தக் கட்டத்தை எப்போதும் காலியாக விடுகிறார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பதிலிலிருந்துதான் பிறக்கிறது.

யார் கேட்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள்

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-ல் தொடங்கியது. ஊரில் இன்னமும் 'சிவில் சப்ளை' என்றுதான் பெயர். நெல்லை வாங்கி, ஆலைகளில் அரைத்து, ரேஷன் கடைக்கு அரிசியாகக் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. மத்திய அரசின் உணவு தானிய இருப்பான மத்திய தொகுப்புக்காக நெல் வாங்குவதால் கணக்கு டெல்லிக்கும் போக வேண்டும். குறைந்தபட்ச ஆதரவு விலை மத்திய அரசு அறிவிப்பது, அதற்கு மேல் போடும் ஊக்கத்தொகை மாநில அரசுடையது. 2025-26-ல் பொது ரகத்துக்கு 2,369 ரூபாயோடு 131 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாயோடு 156 ரூபாய். விவசாயியின் வங்கிக் கணக்கில் விழுவது ஒரே தொகை, ஆனால் அதற்குள் இரண்டு அரசுகளின் பணமும் இரண்டு தணிக்கைகளும் இருக்கின்றன. விலை என்று ஒரே ஒரு கட்டம் வைத்த மென்பொருள் முதல் தணிக்கையிலேயே மாட்டிக்கொள்ளும்.

இத்தனை பெரிய சங்கிலியின் கீழ் முனையில் உட்கார்ந்திருப்பவர்கள் பருவகாலப் பட்டியல் எழுத்தர் ஒருவர், உதவுபவர், காவலர், அப்புறம் சுமைதூக்கும் தொழிலாளர்கள். எழுத்தரின் வேலை கொள்முதல் பருவத்தோடு வருகிறது, பருவத்தோடு போகிறது. சுமைதூக்குபவர்களுக்குச் சிப்பக் கணக்கில் கூலி. திரையில் ஒரு சிப்பத்துக்கு அரை நிமிடம் கூடினால் நிரந்தர ஊழியருக்கு அது எரிச்சலோடு போய்விடும், இவர்களுக்கு அன்றைய கூலியில் கை வைத்த மாதிரி. 'பயனர்' என்ற ஒரே சொல்லில் இவர்கள் எல்லோரையும் அடக்கி எழுதப்படும் தேவை அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

தலைமை அலுவலகம் இந்த முறையைக் கேட்பது அன்றாட நிலவரம் தெரிவதற்காக. எத்தனை டன் வாங்கினோம், எங்கே தேங்கிக் கிடக்கிறது, எந்த நிலையத்தில் சாக்கு தீர்ந்தது என்று உடனுக்குடன் பார்க்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. எழுத்தருக்கு வேண்டியது வேறு: பருவம் முடிந்து கணக்கை ஒப்படைக்கும்போது தன் பெயரில் பாக்கி நிற்கக் கூடாது. லாரி ஒப்பந்தக்காரருக்கு நடை எண்ணிக்கை முக்கியம். விவசாயிக்கு மழை வருவதற்குள் நெல் நிலையத்துக்குள் போக வேண்டும். இந்த நான்கும் ஒரே மென்பொருளுக்குள் இடிபடும். எந்த இடத்தில் இடிக்கிறது என்பதை முதலில் பார்க்காதவர்களின் வடிவமைப்பு, காசு கொடுப்பவர் பக்கம் தானாகச் சாய்ந்துவிடும்.

அறுவடை தேதி யாருக்குத் தெரியும்?

கொள்முதலுக்கு இணையத்தில் முன்பதிவு செய்யும் முறை டெல்டாவுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கூட்டத்தைக் குறைக்க நல்ல யோசனை. ஆனால் தேதி கேட்கும் எந்த முறைக்குள்ளும் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: தன் நெல் எந்த நாளில் தயாராகும் என்று விவசாயிக்குத் தெரியும். தெரியுமா?

கையால் அறுத்த காலத்தில் ஓர் ஊரின் அறுவடை வாரக்கணக்கில் நீளும். அறுத்து, கட்டி, களத்தில் அடித்து, தூற்றி, காயவைத்து வரும்போது நெல் ஓரளவு உலர்ந்திருக்கும், ஒரே நாளில் எல்லோருடையதும் வராது. இப்போது கதிர் அறுக்கும் இயந்திரம். டெல்டாவுக்குள் வரும் இயந்திரங்களில் பல சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வருகின்றன. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. வயல் காய்ந்திருந்தால் டயர் வண்டி போகும், சேறாக இருந்தால் பெல்ட் வண்டிதான், அதற்கு வாடகையும் அதிகம். வண்டி எப்போது ஊருக்குள் வரும் என்பதை ஏஜென்ட்தான் சொல்ல முடியும், அவருக்கும் முந்தின நாள் சாயங்காலம்தான் தெரியும். வந்துவிட்டால் ஊர் முழுவதும் மூன்று நான்கு நாளில் அறுத்துத் தள்ளிவிடும். நெல் பச்சையாக, ஈரமாக, மொத்தமாக நிலையத்து வாசலில் வந்து குவியும்.

ஆக, நிலையத்தில் வரிசை நீள்வதற்கும் ஈரப்பதம் கூடுவதற்கும் ஒரு காரணம் நிலையத்துக்கு வெளியே, வாடகை இயந்திரத்தின் நடமாட்டத்தில் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தின் உள்வேலையை மட்டும் படம் வரைந்துகொண்டு வந்த குழுவுக்கு இது தட்டுப்படவே படாது. தட்டுப்பட்டிருந்தால் முன்பதிவைத் தனி ஆளுக்கு ஒரு தேதி என்று வைக்காமல் ஊருக்கு, வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று வைக்கலாமா, தேதியை முந்தின இரவு வரை மாற்ற விடலாமா என்றாவது யோசித்திருப்பார்கள்.

ஈரப்பத விதியும் அப்படித்தான். 17 சதவீதம்தான் உச்சவரம்பு. மழை கெடுத்த ஆண்டுகளில் மாநில அரசு கேட்க, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் பார்க்க, 19 வரையும் 20 வரையும்கூடத் தளர்த்தியிருக்கிறார்கள். தளர்வு எப்போது வரும், எவ்வளவு வரும், எந்தத் தேதியோடு முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. புரோகிராமுக்குள் 17 என்று அடித்து வைத்தவர், உத்தரவு வந்த அன்று சென்னையிலிருந்து புதுப் பதிப்பு அனுப்பும் வரை, வாசலில் தார்ப்பாயின் கீழ் நெல் முளைத்துக்கொண்டிருக்கும். இது புதுமையான பாடம் ஒன்றும் இல்லை. மாறக்கூடிய எண்ணை வெளியே வை என்று முதல் வருடத்திலேயே சொல்லித்தருகிறார்கள். எந்த எண் மாறும் என்பதைத்தான் வகுப்பில் சொல்லித்தர முடியாது, அதற்கு ஐப்பசி மழையில் நனைந்த ஊரைக் கேட்க வேண்டும்.

சாமி பெயரில் பட்டா

விவசாயியைப் பதிவு செய்யும் திரைக்கு வருவோம். பெயர், ஆதார், பட்டா எண், சர்வே எண், பரப்பு, வங்கிக் கணக்கு, கைப்பேசி. பார்த்தால் எளிய படிவம். டெல்டாவின் நில வரலாறு முழுக்க அதற்குள்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பகுதியில் கோயில்களுக்கும் ஆதீனங்களுக்கும் சொந்தமான நன்செய் ஏராளம். பட்டா சாமி பெயரில் இருக்கும், உழுவது குத்தகைதாரர். 'நில உரிமையாளர் கைப்பேசி எண் கட்டாயம்' என்று படிவம் அடம்பிடித்தால் திருவாரூர்க் கோயில் தியாகராஜரிடம்தான் போய் எண் கேட்க வேண்டும். தனியார் நிலத்திலும் குத்தகை பல இடங்களில் வாய்மொழிதான். குத்தகையைப் பதிவு செய்ய 1969-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் பதிவுக்குப் போனால் பிறகு எழுப்ப முடியாது என்று நிலக்காரர் பயப்படுகிறார், கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று குத்தகைக்காரர் பயப்படுகிறார். அந்த மௌனத்தின் மேல்தான் நம் தரவுத்தளம் உட்காரப்போகிறது.

உரிமையாளரும் சாகுபடி செய்பவரும் ஒரே ஆள் என்று ஒரு முறை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டமே சாட்சி. 2019-ல் தொடங்கிய அந்தத் திட்டம் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மட்டும். தன் பெயரில் நிலம் இல்லாத குத்தகை விவசாயி அதில் வரமாட்டார். அது கொள்கை முடிவு, யோசித்து எடுத்தது. ஆனால் கொள்முதல் மென்பொருளில் அதே விலக்கு யாரும் முடிவெடுக்காமலே, இரண்டு கட்டங்களுக்குப் பதில் ஒரு கட்டம் வைத்ததால் மட்டுமே நடந்துவிடலாம். அப்போது குத்தகைக்காரரின் நெல் நிலக்காரர் பெயரில் பதிவாகும், பணமும் அவர் கணக்கில் விழும். அல்லது பதிவே ஆகாமல் வியாபாரியிடம் அடிமாட்டு விலைக்குப் போகும்.

இந்த இடைவெளியைக் காகித முறையில் நிரப்பி வந்தவர் கிராம நிர்வாக அலுவலர். யார் உண்மையில் பயிர் வைத்திருக்கிறார் என்று அடங்கல் என்னும் கிராமப் பயிர்க் கணக்கில் எழுதித் தருவது அவர் வேலை. பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், நான்கு பங்காளிக்குக் கூட்டுப் பட்டா இருக்கும், கணவர் போன பிறகு பட்டாவை மாற்றாமலே மனைவி சாகுபடி செய்துகொண்டிருப்பார். அத்தனையையும் ஊர் விவரம் தெரிந்த ஒருவர் ஒரு கையெழுத்தில் கடந்து வந்தார். அதில் தவறும் நடந்திருக்கும், வேண்டியவர் வேண்டாதவர் பார்ப்பதும் நடந்திருக்கும். அவரை எடுத்துவிட்டு நிலப் பதிவேட்டோடு நேரடியாக இணைத்தால் ஊழல் போகும் என்று எதிர்பார்ப்பவர்கள், அந்தக் கையெழுத்து செய்த நல்ல வேலையை யாரிடம் கொடுக்கப்போகிறார்கள் என்று சொல்வதில்லை.

பரப்பளவிலும் ஒரு முடிச்சு உண்டு. பதிவேட்டில் ஹெக்டேர், அதில் நூறில் ஒரு பங்கான ஏர். கடன் சங்கத்தில் ஏக்கர். வயல்காரர் வாயில் மா, வேலி. நூறு குழி ஒரு மா, சுமார் 33 சென்ட். இருபது மா ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். விளைச்சலையும் அவர் அறுபது கிலோ மூட்டையில்தான் சொல்வார், நிலையத்திலோ 40 கிலோ சிப்பம். 'எத்தனை மூட்டை?' என்ற கேள்விக்கு வந்த பதிலை அப்படியே சிப்பக் கட்டத்தில் தட்டினால் மூன்றில் ஒரு பங்கு நெல் காணாமல் போகும். கேட்கும் திரையில் ஊர் அளவையை வைத்து, மாற்றிப் போடும் வேலையைக் கணினியிடம் விடுவதுதான் சரி. சில அதிகாரிகளுக்கு இது பழமைவாதமாகப் படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கைப்பேசி எண்ணைப் பற்றி ஒரு வரி. டெல்டாவின் பல வீடுகளில் விவசாயம் பார்ப்பவர் அறுபது வயதுக்காரர், வங்கிக் கணக்கோடு இணைந்த எண் மகனுடையது, மகன் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். ஓடிபி அங்கே போகும். அவர் வேலை முடிந்து பார்ப்பதற்குள் இங்கே வரிசை நகர்ந்துவிடும்.

லண்டனில் நடந்தது

இதெல்லாம் நம் ஊர்க் கோளாறு என்று நினைக்க வேண்டாம். சூழலைப் படிக்காமல் போனதற்கு உலகம் முழுவதும் பாடமாகச் சொல்லப்படும் கதை லண்டனில் நடந்தது. லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1992 அக்டோபர் 26 அன்று நகரம் முழுமைக்கும் ஒரே நாளில் புதிய கணினி முறையைத் தொடங்கியது. அதுவரை அழைப்புகளைச் சீட்டில் எழுதி, எந்த வண்டியை அனுப்புவது என்று ஊழியர்கள் முடிவு செய்தார்கள். இனி அருகில் உள்ள வண்டியைக் கணினியே தேர்ந்தெடுக்கும். அதற்கு ஒவ்வொரு வண்டியும் எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்ற தகவல் ஏறக்குறைய பிழையில்லாமல் வர வேண்டும்.

வரவில்லை. வண்டி ஊழியர்கள் பொத்தான்களை வரிசைப்படி அழுத்தவில்லை, ஒதுக்கிய வண்டியை விட்டு வேறு வண்டியை எடுத்துப் போனார்கள், ரேடியோ எல்லா இடத்திலும் எட்டவில்லை. தகவல் பிசகப் பிசகத் தவறான வண்டி போனது, எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து திரையை விட்டே ஓடின, காத்திருந்தவர்கள் மறுபடி மறுபடி அழைத்தார்கள். இரண்டு நாளுக்குள் பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள், நவம்பர் 4 அன்று கணினி முற்றிலும் நின்றுபோகக் காகிதத்துக்கே போனார்கள். 1993-ல் வந்த விசாரணை அறிக்கை நிரல் பிழையோடு நிற்கவில்லை. நிர்வாகத்துக்கும் ஊழியர்களுக்கும் இடையே இருந்த அவநம்பிக்கை, ஊழியர்களைக் கலக்காமல் அவசரமாகக் கொண்டுவந்த விதம், போதாத பயிற்சி எல்லாவற்றையும் எடுத்துவைத்தது.

பழைய முறையில், வண்டி தவறினால் எடுத்துச் சமாளிக்கும் அறிவு கட்டுப்பாட்டு அறை ஊழியர்களின் தலையில் இருந்தது. யார் எங்கே டீ குடிப்பார், எந்தக் குழு எந்தத் தெருவில் தடுமாறும் என்று அவர்களுக்குத் தெரியும். கொள்முதல் நிலையத்தில் உதவுபவர் நெல்லை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தே ஈரம் சொல்வாரே, அதே வகை அறிவு. யாரும் எழுதித் தராததால் அது தேவை அறிக்கையில் ஏறுவதில்லை.

இப்படிப்பட்ட குழப்பமான நிலைமைகளைப் படிக்க ஒரு முறையை இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் செக்லண்ட் உருவாக்கினார். பிரச்சினை இன்னதென்று எல்லோரும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளாதே என்பது அதன் ஆரம்பம். முதலில் ஒரு பெரிய தாளில் நிலைமையைப் படமாக வரையச் சொல்கிறார். ஆட்கள், வேலைகள், கூடவே சண்டைகள், சந்தேகங்கள், கவலைகள் எல்லாம் அதில் வர வேண்டும். பிறகு ஒவ்வொரு தரப்பின் பார்வையிலும் இந்த அமைப்பு எதை எதுவாக மாற்றுகிறது, யாருக்காக, யார் அதை நிறுத்திவிட முடியும் என்று எழுத வேண்டும். டெல்டா நிலையத்துக்கு அதைச் செய்துபார்த்தால் வேடிக்கையாக இருக்கும். விவசாயி பார்வையில் நிலையம் நெல்லைப் பணமாக்கும் இடம். அரசு பார்வையில் சந்தை விலை விழாமல் தாங்கும் ஏற்பாடு. வாணிபக் கழகத்துக்கு ரேஷன் அரிசியின் முதல் படி. தணிக்கையாளருக்கு மானியக் கணக்கின் ஆதாரம். நான்குமே உண்மை, நான்குக்கும் ஒரே திரை போதாது. பெரிய தாளில் படம் வரைவது சிறுபிள்ளைத்தனம் என்று முகம் சுளிக்கும் புரோகிராமர்கள் உண்டு. வரைந்த படத்தை எழுத்தரிடம் காட்டினால், 'இந்தக் கோடு இப்படிப் போகாதுங்க' என்று அவரே பேனாவை வாங்குவார். அறுபது பக்க அறிக்கையைக் காட்டினால் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

எங்கே போய்க் கேட்பது

ஆள் பார்த்துப் பேச வேண்டும், இடம் பார்த்தும் பேச வேண்டும். மேலாளர் பக்கத்தில் இருக்கும்போது எழுத்தர் விதிமுறையைத்தான் ஒப்பிப்பார். சாயங்காலம் சாக்கு எண்ணி முடித்த பிறகு டீக்கடையில் பேசினால், 'போன மழையில என்ன பண்ணீங்கண்ணே?' என்ற கேள்விக்கு நிஜமான பதில் வரும். 'வழக்கமாக எப்படி?' என்று கேட்பதைவிட 'கடைசியாக எப்போது குழம்பியது?' என்று கேட்பது பலன் தரும். ஒரு சிப்பத்தை வயலிலிருந்து ஆலை வரை பின்தொடர்ந்து போனால், எந்த அலுவலகப் படமும் காட்டாத மூன்று நான்கு கைமாற்றங்கள் தெரியவரும்.

எழுதுகிற காகிதம் எல்லாவற்றையும் சேகரிக்க வேண்டும், பதிவேடுகள் மட்டும் போதாது. மேசை இழுப்பறையில் இருக்கும் நாற்பது பக்க நோட்டு, காலண்டர் பின்பக்கம், சாக்கு எண்ணிக்கைக்குச் சுவரில் கிழித்த கோடு எல்லாம் அதில் சேரும். அதிகாரப்பூர்வப் பதிவேடு இருந்தும் ஒருவர் இன்னொன்று எழுதுகிறார் என்றால், பதிவேடு அவருக்கு உதவவில்லை அல்லது அவரைக் காப்பாற்றவில்லை.

நிலையத்தில் முறையில்லாத பணமும் கைமாறுகிறது என்ற புகார் டெல்டாவில் ஆண்டுதோறும் எழுகிறது. கணினி முறைக்காகச் சூழலைப் படிக்க வந்தவர் இதில் நீதிபதி வேஷம் போட வேண்டியதில்லை, பார்க்காத மாதிரி இருக்கவும் கூடாது. எந்த இடத்தில் விவசாயி காத்திருக்க முடியாமல் தவிக்கிறாரோ அங்கேதான் பணம் கேட்கப்படும். காத்திருப்பை உண்மையில் குறைக்கும் மாற்றமா, அல்லது கேட்கும் ஆளை மட்டும் மாற்றும் மாற்றமா என்பது வடிவமைப்புக் கேள்விதான்.

அமைப்புக்கு மேலே இருக்கும் அரசியலும் சூழலில் ஒரு பகுதி. பக்கத்திலேயே இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பார்க்கலாம். 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிப்பு வந்தது, 16.43 லட்சம் விவசாயிகளுக்கு. அதே ஆண்டு 5 சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டது, குடும்பத்துக்கு இவ்வளவு என்ற வரம்போடு. நகைக்கடன் பேரேட்டுக்கு உறுப்பினரைத் தெரியும், நகையைத் தெரியும், எடையைத் தெரியும். குடும்பம் என்ற ஒன்றைத் தெரியாது. ஒரே குடும்பத்தில் யார் யார் எந்தெந்தச் சங்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்று ரேஷன் அட்டையையும் ஆதாரையும் வைத்துச் சேர்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அடுத்து எந்த அறிவிப்பு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அறிவிப்பு வரும், அது குடும்பம், பரப்பு, தேதி இவற்றில் ஒன்றை வைத்துத்தான் வரும் என்பதை மட்டும் தைரியமாக எதிர்பார்த்துக் கட்டலாம். நாடு முழுக்க 63,000 தொடக்கச் சங்கங்களை ஒரே மென்பொருளில் கொண்டுவர 2,516 கோடி ரூபாயில் மத்திய அரசு 2022-ல் ஒப்புதல் தந்தது. உரமும் நகைக்கடனும் ரேஷன் கடையும் ஒரே கூரையின் கீழ் நடத்தும் நம் சங்கங்களும், பெயரளவில் மட்டும் இயங்கும் சங்கங்களும் அந்த ஒரே அச்சுக்குள் வர வேண்டும். எதை உள்ளூரில் மாற்ற விடுவது என்பதுதான் அங்கே கடினமான பகுதி.

கடைசியாக, எப்போது தொடங்குவது. நிதியாண்டைப் பார்த்து ஏப்ரல் ஒன்றில் தொடங்கலாம் என்று சென்னையில் சொல்வார்கள். இங்கே காலண்டர் மேட்டூரில் இருக்கிறது. அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2022-ல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆயிற்று. திறப்பு தள்ளினால் முதல் போகமான குறுவை சுருங்கும், அடுத்து வரும் சம்பா பின்னால் போகும், வாய்க்காலின் கடைசியில் தண்ணீர் பெறும் கடைமடையில் இன்னும் தாமதமாகும். தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை உச்சத்தில் இருக்கும்போது புது முறையைப் புகுத்துவது லண்டன் வேலை. குறுவைக் கொள்முதலில், தலைமடையில் இரண்டு நிலையம், கடைமடையில் இரண்டு நிலையம் என்று சோதித்துப் பார்க்கலாம், ஆனால் அது ஐப்பசி மழையோடு மோதும் என்பதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நெட் இல்லாமல் குறைந்தது சில நாளாவது எடை போட்டு ரசீது கொடுக்க முடிகிற முறையாக இருக்க வேண்டும், அந்த நாட்களின் பதிவைப் பின்னால் யார், எத்தனை நாளுக்குள் ஏற்றலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

பயிற்சிக்கும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும், அதுவும் ஒருமுறைக்கு மட்டும் போதாது. பருவகால எழுத்தர் இந்த ஆண்டு கற்றுக்கொண்டு போவார், அடுத்த பருவத்தில் அந்த மேசைக்கு வேறொருவர் வரலாம். ஒப்பந்தத்தில் 'பயிற்சி: இரண்டு நாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், இரண்டாவது குறுவையில் லாகின் பழைய ஆளின் பெயரிலும், தட்டுவது புது ஆளின் விரலாகவும் இருக்கும். பணிநியமன உத்தரவு வரும் நாளிலேயே புது லாகினும் அரை நாள் பயிற்சியும் சேர்ந்து கிடைக்கிற மாதிரி, பணியாளர் பிரிவோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.